ரிக் ரைட்: பிங்க் ஃப்ளாய்டின் கீபோர்டுக்காரரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவைக் கேட்கிறவர்கள் நாலு பேரை ஓர் அறையில் உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ஒன்று பேஸ் கிதார் வாசித்து வரிகளும் எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் கட்சி, இன்னொன்று கிதார் வாசித்துப் பாடிய டேவிட் கில்மோர் கட்சி. ரிச்சர்ட் ரைட்டுக்கு மட்டும் கட்சி கிடையாது. நான் இந்தக் குழுவைக் கேட்க ஆரம்பித்துப் பல ஆண்டுகள் வரை எனக்கும் அவர் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம்தான். நண்பர்கள் என்னிடம் கேட்டவையும், நானே ஒரு காலத்தில் விடை தேடி அலைந்தவையும் கீழே இருக்கின்றன.

யார் இந்த ரிச்சர்ட் ரைட்?

1943 ஜூலை 28 அன்று லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஹாட்ச் எண்ட் என்ற இடத்தில் பிறந்தவர். முழுப்பெயர் ரிச்சர்ட் வில்லியம் ரைட், பழகியவர்களுக்கு ரிக். பிங்க் ஃப்ளாய்டைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆர்கன், பியானோ, சிந்தசைசர் எல்லாம் அவர் கை. பாடவும் செய்தார். கில்மோரின் குரலோடு சேர்ந்து வரும் அந்த இரண்டாவது, கொஞ்சம் மெல்லிய குரல் பெரும்பாலும் அவருடையது. 2008 செப்டம்பர் 15 அன்று, 65 வயதில், புற்றுநோயால் இறந்தார். குழு வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் பதினைந்து. அவற்றில் ஒரே ஒன்றில்தான் அவர் இல்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முறையாக இசை படித்தவரா?

பாதி. பன்னிரண்டு வயதில் கால் முறிந்து வீட்டில் கிடந்தபோது கிதார் பழகினார். அப்புறம் பியானோ, டிரம்பெட், எல்லாம் பெரும்பாலும் தானாகவே. 1962-இல் லண்டனில் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தார். அந்தப் படிப்பில் அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அதே வகுப்பில் வாட்டர்ஸும், பின்னால் குழுவில் டிரம்ஸ் வாசித்த நிக் மேசனும் இருந்தார்கள், அது போதுமானதாக இருந்தது. கட்டடக்கலையை விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் லண்டன் இசைக் கல்லூரியிலும் படித்தார்.

அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் ஜாஸ். மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் என்று கேட்டு வளர்ந்தவர். குழுவில் மற்றவர்கள் ப்ளூஸிலிருந்தும் ராக் அண்ட் ரோலிலிருந்தும் வந்தவர்கள். பிங்க் ஃப்ளாய்டின் இசை அக்காலத்து மற்றக் குழுக்களைப் போல ஒலிக்காததற்கு இந்த ஒரு வித்தியாசமே பாதிக் காரணம் என்பேன்.

குழுவில் ஆரம்பத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்?

எது கிடைத்ததோ அது. மதுக்கடையில் நிகழ்ச்சி என்றால், அங்கே பியானோ இருந்தால் பியானோ, இல்லாவிட்டால் கிதார். குழுவின் பெயரும் அப்படித்தான் மாறிக்கொண்டே இருந்தது: சிக்மா 6, அப்டாப்ஸ், டீ செட் என்று. 1964-லேயே அவர் எழுதிய ஒரு பாட்டு வேறொரு குழுவின் இசைத்தட்டில் பின்பக்கப் பாடலாக வெளிவந்தது. அதாவது குழுவில் மற்ற யாருக்கும் முன்னால் பாட்டு விற்றவர் இவர்.

இன்னொரு வேலையும் இருந்தது. கிதாருக்குச் சுருதி காட்டும் மின் கருவிகள் அப்போது கிடையாது. வாட்டர்ஸுக்குத் தன் பேஸ் கிதாருக்குச் சுருதி சேர்க்க வராது. மேடையில் ரைட்தான் சேர்த்துக் கொடுப்பார். சின்ன விஷயம்தான். ஆனால் பின்னால் நடந்ததை எல்லாம் தெரிந்துகொண்டு படிக்கும்போது என்னவோ செய்கிறது.

சிட் பாரெட் காலத்தில் அவர் பங்கு பெரியதா?

மிகப் பெரியது. சிட்தான் குழுவின் முதல் கிதார்காரர், பாடகர், பாட்டெழுதியவர். 1967-இல் வந்த முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். சிட்டின் கிதாருக்கு இணையாக ஓடுவது ரைட்டின் ஃபார்ஃபிசா ஆர்கன். இத்தாலியில் செய்த, கொஞ்சம் மூக்கால் பாடுவது போன்ற ஒலியுள்ள கருவி அது. தனியாகக் கேட்டால் திருவிழா ராட்டினத்தின் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். அதை அவர் பின்சன் எக்கோரெக் என்ற எதிரொலிப் பெட்டி வழியாக அனுப்பினார். அதுவும் இத்தாலியச் சரக்குதான். அதற்குள் நாடா கிடையாது, சுழலும் காந்த உருளை ஒன்று இருக்கும். வாசித்த சுரம் அதில் பதிந்து, சுற்றிச் சுற்றித் திரும்பி வரும். மலிவான ஆர்கன் ஒன்று ஆகாயத்திலிருந்து வருவது போல மாறிப்போனது. ‘விண்வெளி இசை’ என்று பத்திரிகைகள் எழுதியதற்குப் பின்னால் இருந்தது இந்த இரண்டு பெட்டிகளும் ஒரு ஜோடிக் கைகளும்தான்.

1967 மே 12 அன்று லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் நடந்த நிகழ்ச்சியில் ஒலியை அரங்கத்தின் நான்கு மூலைகளுக்கும் சுழற்றி அனுப்பினார்கள். அதற்கான கருவியின் பெயர் அசிமத் கோ-ஆர்டினேட்டர். கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினால் ஒலி அந்தத் திசைக்குப் போகும். அபே ரோடு ஸ்டூடியோவின் பொறியாளர் ஒருவர் செய்து கொடுத்தார், மேடையில் இயக்கியது ரைட். நிகழ்ச்சி முடிந்ததும் அதை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் இன்னொன்று செய்ய வேண்டியதாயிற்று.

சிட் விலகியபோது இவரும் போகவிருந்தார் என்பது உண்மையா?

அந்தப் பேச்சு நடந்தது. 1968-இல் சிட்டின் மனநிலை குலைந்து, குழு அவரை விட்டுவிட்டபோது, மேலாளர்கள் இருவரும் சிட்டின் பக்கம் நின்றார்கள். குழுவின் இசை மூளை சிட்டும் ரைட்டும்தான், வாட்டர்ஸும் மேசனும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. இருவரும் சேர்ந்து தனிக் குழு தொடங்கட்டும் என்று விரும்பினார்கள். சிட்டால் முடியும் என்று தோன்றியிருந்தால் கட்டாயம் போயிருப்பேன் என்று ரைட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அப்போது இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். குழு சிட்டை அழைக்காமல் நிகழ்ச்சிகளுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்கள். ரைட் சிட்டிடம் ‘சிகரெட் வாங்கிட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, வாசித்து முடித்து மறுநாள் திரும்புவாராம். இதைச் சொன்னதும் அவர்தான். நண்பனிடம் பொய் சொல்லிவிட்டுப் போய் அவன் பாட்டையே வாசிப்பது எப்படி இருந்திருக்கும்! இரண்டு ஆண்டு கழித்து சிட்டின் இரண்டாவது தனி ஆல்பத்தைக் கில்மோரோடு சேர்ந்து தயாரித்துக் கொடுத்ததும் இதே ரைட்.

பெரிய தனி வாசிப்பு எதுவும் அவர் செய்ததாகத் தெரியவில்லையே. வேகமாக வாசிக்க வராதா?

இந்தக் கேள்விதான் அவருடைய மொத்தப் பிரச்சினையும். அதே காலத்தில் கீத் எமர்சன் ஹாமண்ட் ஆர்கன் மேல் கத்தியைச் செருகிக்கொண்டிருந்தார். ரிக் வேக்மேன் மினுமினுக்கும் அங்கி போட்டுக்கொண்டு, சுற்றிலும் கீபோர்டுகளை அடுக்கிவைத்து விளாசிக்கொண்டிருந்தார். எழுபதுகளில் கீபோர்டுக்காரர் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ரைட் வேகத்தில் அவர்களுக்கு ஈடு இல்லை, அதை அவரும் மறைக்கவில்லை.

அவருடைய திறமை வேறு இடத்தில் இருந்தது: எந்தச் சுரக்கூட்டை, எந்த ஒலியில், எப்போது வைப்பது என்பதில். நம் கச்சேரிகளில் நல்ல பக்கவாத்தியக்காரரை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? அவர் வாசிப்பதை வைத்து மட்டும் இல்லை, அவர் அன்று வராவிட்டால் பாடகர் எப்படித் திணறுகிறார் என்பதை வைத்தும்தான். ரைட் விஷயத்தில் அந்தச் சோதனையை 1983-இல் குழுவே நடத்திக் காட்டியது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1973-இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில் ‘ப்ரீத்’ என்ற பாட்டு. பெரும்பகுதி இரண்டே கார்டுகளில் (சுரக்கூட்டுகளில்) அசையும். முடியும் இடத்தில், மறுபடி முதல் கார்டான ஈ மைனருக்குத் திரும்புவதற்குச் சற்று முன், ஒரு விநோதமான கார்டு வரும், டி செவன் ஷார்ப் நைன். அது மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தில் கேட்டுப் பிடித்தது என்று ரைட்டே சொல்லியிருக்கிறார். சாதாரண ராக் பாட்டு அங்கே நேராக வீடு திரும்பியிருக்கும். இது ஒரு நொடி தயங்கி, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. அந்த ஒரு நொடிதான் ரைட்.

‘எக்கோஸ்’ தொடக்கத்தில் வரும் அந்த ‘டிங்’ என்ன கருவி?

சாதாரண பியானோ. மேல் ஸ்தாயியில் ‘பி’ என்ற ஒற்றைச் சுரம், லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக. லெஸ்லி என்பது ஹாமண்ட் ஆர்கனுக்காகச் செய்யப்பட்ட பெட்டி. உள்ளே ஒலிபெருக்கியின் வாய் சுழன்றுகொண்டே இருப்பதால் ஒலி அலை அலையாக வரும். பியானோவை மைக் வைத்து அதில் அனுப்பினார்கள். கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பல் அனுப்பும் சமிக்ஞை போல ஆகிவிட்டது.

1971 தொடக்கத்தில் குழுவிடம் புதுப் பாட்டு எதுவும் கையில் இல்லை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து துண்டு துண்டாக ஏதேதோ பதிவு செய்து, அவற்றுக்கு ‘நத்திங்’ என்றே பெயர் வைத்து எண் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் தேறியது இந்த ஒற்றைச் சுரம். பிறகு முறையாகப் பதிவு செய்யப் பார்த்தபோது அதே ஒலி மறுபடி வரவில்லை. கடைசியில் ஒத்திகைப் பதிவையே எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். அந்த ஒரு சுரத்திலிருந்து 23 நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு வளர்ந்தது. ‘மெடில்’ ஆல்பத்தின் ஒரு முழுப் பக்கம். ரைட்டும் கில்மோரும் இரு குரலாகச் சேர்ந்து பாடியதில் இதற்கு மேல் எதுவும் இல்லை என்பது என் கட்சி. (சரி, எனக்கும் ஒரு கட்சி இருக்கிறது போல.)

‘டார்க் சைட்’ ஆல்பத்தில் எவை அவர் பாட்டுகள்?

ஐந்து பாட்டுகளில் அவர் பெயர் இருக்கிறது. முக்கியமானவை இரண்டு.

‘அஸ் அண்ட் தெம்’ முதலில் சினிமாவுக்குப் போட்ட பியானோத் துண்டு. இத்தாலிய இயக்குநர் மிக்கேலாஞ்சலோ ஆன்டோனியோனியின் ‘சப்ரிஸ்கி பாயின்ட்’ படத்துக்காகக் குழு வேலை செய்தபோது ரைட் இதை வாசித்தார். படத்தில் கலவரக் காட்சி ஒன்று. அடிதடி ஓடும் திரைக்குப் பின்னால் இந்த மெதுவான, வருத்தமான பியானோ. இயக்குநர் வேண்டாம் என்றுவிட்டார். மூன்று ஆண்டு தூங்கிய பிறகு, வாட்டர்ஸ் அதற்குப் போரைப் பற்றி வரிகள் எழுதினார்.

அதில் நடப்பது இதுதான். கீழே பேஸில் ‘டி’ என்ற சுரம் சுருதிப் பெட்டி போல அசையாமல் நிற்கிறது. மேலே நான்கு கார்டுகள் மாறுகின்றன. மூன்றாவது கார்டு மட்டும் மைனராக இறங்கி, அதோடு ஒரு மேஜர் செவன்த்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஜாஸ்காரர்கள் வைப்பது, ராக் குழுக்கள் அதிகம் தொடாதது. பாட்டு முழுக்க ஒரு நிம்மதி இருந்தும் மூன்றாவது தடவை மட்டும் வயிற்றில் ஏதோ பிசைவது இதனால்தான். அடுத்த முறை கேட்கும்போது ஹாமண்ட் ஆர்கனை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

மற்றது ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’. 1972-இல் மேடையில் இதை ஆர்கனில் வாசித்தபோது மேலே பைபிள் வாசகங்களும் மதப் பேச்சும் ஓடும். சாவைப் பற்றிய பகுதி என்று வைத்திருந்தார்கள். பதிவின்போது ரைட் பியானோவுக்கு மாறினார், பேச்சுகள் போய்விட்டன. ஆனால் மேலே ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

அந்தப் பாட்டைப் பாடிய பெண்ணுக்கு 30 பவுண்டுதான் கொடுத்தார்களா?

ஆம். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் சொல்லி, 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளேர் டோரி ஸ்டூடியோவுக்கு வந்தார். வார்த்தை கிடையாது. சாவைப் பற்றி நினைத்துப் பாடு என்ற அளவுக்குத்தான் அவருக்குச் சொல்லப்பட்டது. குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு அவர் பாடிவிட்டுப் போனார். ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி, அதுதான் அந்த 30 பவுண்டு. 2004-இல் அவர் வழக்குப் போட்டார். மறு ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி, இப்போது அந்தப் பாட்டு ரைட்–டோரி என்று இருவர் பெயரில் வருகிறது. நியாயம்தான். பியானோவும் கார்டுகளும் ரைட்டுடையவை, ஆனால் மேலே ஓடும் அந்த மெட்டை அன்று நின்ற இடத்தில் உண்டாக்கியவர் டோரி. தன் பெயர் விட்டுப்போவதன் வலி ரைட்டுக்குத் தெரியாததா என்ன?

அவர் தனியாக எழுதியவற்றில் எதை முக்கியமாகச் சொல்வீர்கள்?

1975-இல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தில் ‘ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்’ என்ற நீண்ட பாட்டு, சிட் பாரெட்டை நினைத்து எழுதியது. ஒன்பது பகுதி. எல்லோரும் பேசுவது தொடக்கத்தில் வரும் கில்மோரின் நான்கு சுரங்களைப் பற்றி. அந்த நான்கு சுரங்களுக்கு முன்னால் சில நிமிடம் மூடுபனி போலப் படர்ந்திருப்பது ரைட்டின் சிந்தசைசர்கள். கடைசிப் பகுதியான ஒன்பதாவது முழுக்க அவர் எழுதியது. மெதுவான சவ ஊர்வல நடை. அது அணைந்துபோகும் தறுவாயில், சிந்தசைசரில் சிட்டின் பழைய பாட்டான ‘சீ எமிலி ப்ளே’யின் மெட்டு இரண்டு மூச்சு அளவுக்குத் தலைகாட்டிவிட்டு மறையும். வாட்டர்ஸ் சிட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். சிகரெட் வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொன்னவர் தன் பங்குக்கு இந்தச் சில சுரங்களை வைத்தார்.

அதற்கு அப்புறம் அவர் பெயர் ஏன் குறைந்துகொண்டே போனது?

1977-இன் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் ஒரு தடவைகூட இல்லை. அதுதான் முதல் முறை. அதே ஆல்பத்தில் ‘ஷீப்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். தனியாக ஓர் எலெக்ட்ரிக் பியானோ, ஒன்றரை நிமிடம். ஆல்பத்தின் அழகான இடங்களில் ஒன்று, வாசித்தது ரைட். பாட்டு வாட்டர்ஸின் பெயரில் மட்டும். ராக் குழுக்களில் வரி எழுதியவருக்கும் அடிப்படை மெட்டுப் போட்டவருக்கும்தான் எழுத்துப் பங்கு. ‘நிறம்’ கொடுத்தவருக்குக் கிடையாது. பெயர் இல்லை என்றால் ராயல்டியும் இல்லை.

ஆனால் முழுப் பழியையும் வாட்டர்ஸ் தலையில் கட்டுவது சரியில்லை. அந்த நாட்களில் ரைட் புதிதாக எதுவும் கொண்டுவரவில்லை, அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் மணவாழ்க்கை உடைந்துகொண்டிருந்தது. சண்டை போட்டுத் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் சுபாவமும் அவருக்கு இல்லை.

அவராக விலகினாரா, விலக்கினார்களா?

விலக்கினார்கள். 1979-இல் ‘தி வால்’ தயாரான சமயம். குழுவின் பணம் தவறான முதலீடுகளில் கரைந்துபோய், வரிக்குப் பயந்து எல்லோரும் இங்கிலாந்துக்கு வெளியே பிரான்சில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் ஆல்பத்தைக் கொடுத்தால் கூடுதல் பங்கு தருவதாக அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் சொன்னது. அதற்குக் கீபோர்டு வேலையை முன்கூட்டியே முடிக்க வேண்டும். ரைட் அப்போது கிரீஸின் ரோட்ஸ் தீவில் குழந்தைகளோடு விடுமுறையில் இருந்தார். (அவர் வாசித்த எலெக்ட்ரிக் பியானோவுக்கும் ரோட்ஸ் என்றுதான் பெயர்.) விடுமுறையைப் பாதியில் விட்டு வர மறுத்தார். வாட்டர்ஸ் கொதித்துப்போனார். ரிக் விலக வேண்டும், இல்லையென்றால் ஆல்பமே வராது என்று மேலாளர் வழியாகச் செய்தி போனது.

என்ன சொல்லி அனுப்பினார்கள், இவர் என்ன பதில் சொன்னார் என்பதில் இருவர் கதையும் ஒத்துப்போவதில்லை. ஆல்ப வேலையின்போது அவர் ஸ்டூடியோவில் சும்மா உட்கார்ந்திருந்தார் என்பது ஒரு தரப்பு. வாசிக்க இடமே கொடுக்கவில்லை என்பது இன்னொரு தரப்பு. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று கூட்டாகத் தொழில் செய்த எவருக்கும் தெரியும். கில்மோரும் மேசனும் பெரிதாக எதிர்க்கவில்லை. ரைட் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: ஆல்பத்தையும் அதற்கான மேடை நிகழ்ச்சிகளையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன், சம்பளத்துக்கு.

அதில் அவருக்கு மட்டும் லாபம் கிடைத்ததாமே?

கிடைத்தது. 1980, 81-இல் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், லண்டன், டார்ட்மண்ட் ஆகிய நான்கு இடங்களில் 31 நிகழ்ச்சிகள். மேடையில் ஒவ்வொரு இரவும் ஒரு சுவர் கட்டி இடித்தார்கள். செலவு கட்டுக்கடங்கவில்லை. நஷ்டம் பங்காளிகள் மூவர் தலையில் விழுந்தது. ரைட் கூலிக்காரர், அவருக்குச் சம்பளம் வந்துவிட்டது.

அவர் இல்லாத ஆல்பம் எது?

1983-இன் ‘தி ஃபைனல் கட்’. மைக்கேல் கேமனும் ஆண்டி பௌனும் கீபோர்டு வாசித்தார்கள். கெட்டிக்காரர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. வாட்டர்ஸின் வரிகளும் கூர்மையானவை. ஆனால் ஆல்பம் முழுக்க மூச்சு விட இடம் கிடையாது. ஒரு குரல் நம் முகத்துக்கு நேராக நின்று பேசிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரலுக்குப் பின்னால் எப்போதும் இருந்த தூரம், வெட்டவெளி, அது காணாமல் போயிருந்தது. இதை ‘மெடில்’ கேட்ட மறுநாள் போட்டுக் கேட்டால் நான் சொல்வது விளங்கும்.

திரும்பி வந்தது எப்போது?

வாட்டர்ஸ் விலகிய பிறகு, 1987-இல், ‘எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ பாதிக்கு மேல் முடிந்திருந்த நேரத்தில். அதனால் அதில் அவர் வாசிப்பு கொஞ்சம்தான். ஒப்பந்தச் சிக்கலால் அவரை முழு உறுப்பினராக்க முடியவில்லை. மறுபடியும் சம்பளம். ஆல்பத்தின் படத்தில் கில்மோரும் மேசனும் மட்டும் இருப்பார்கள். ரைட் பெயர், மற்ற வாசிப்பாளர்கள் பட்டியலில்.

1994-இன் ‘தி டிவிஷன் பெல்’லில் நிலைமை மாறியது. ஐந்து பாட்டுகளை எழுதியதில் பங்கு. அவற்றில் ‘மரூண்ட்’ கிராமி விருது வாங்கியது. ‘வேரிங் தி இன்சைட் அவுட்’ பாட்டை அவரே பாடினார். 1973-இன் ‘டைம்’ பாட்டுக்கு அப்புறம் ஃப்ளாய்ட் ஆல்பத்தில் அவர் முன்னின்று பாடியது இதுதான். இடையில் 21 ஆண்டு. அப்போதும் ஒப்பந்தப்படி அவர் முழுப் பங்காளி இல்லை. அந்தக் கோபத்தில் ஆல்பத்தை விட்டே போகப் பார்த்தார்.

தனி ஆல்பங்கள் கேட்கும்படி இருக்குமா?

மூன்று இருக்கின்றன. 1978-இன் ‘வெட் ட்ரீம்’ இதமான, பாய்மரப் படகில் சாய்ந்துகொண்டு கேட்க வேண்டிய இசை (படகோட்டுவதில் அவருக்குப் பைத்தியம்). 1984-இல் டேவ் ஹாரிஸோடு சேர்ந்து ‘ஸீ’ என்ற பெயரில் ‘ஐடென்டிட்டி’ வெளியிட்டார். முழுக்க ஃபேர்லைட் என்ற கணினி சிந்தசைசர். கேட்காவிட்டால் குடிமுழுகிப்போகாது. 1996-இன் ‘ப்ரோக்கன் சைனா’தான் விஷயமுள்ளது. மனச்சோர்வில் விழுந்து எழுவதைப் பற்றிய ஆல்பம், அவருக்கு நெருக்கமானவர் அனுபவித்ததிலிருந்து பிறந்தது. அயர்லாந்துப் பாடகி சினேட் ஓ'கானர் இரண்டு பாட்டுப் பாடியிருக்கிறார். இரவில் விளக்கணைத்துவிட்டுக் கேளுங்கள்.

கடைசி ஆண்டுகள்?

2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 என்ற பொதுநல இசை நிகழ்ச்சி. 24 ஆண்டு கழித்து நால்வரும் ஒரே மேடையில். அதற்குப் பிறகு அப்படி நடக்கவில்லை. மறு ஆண்டு கில்மோரின் சுற்றுப்பயணத்தில் கூடவே போனார். போலந்தின் கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் 2006 ஆகஸ்டில் நடந்த நிகழ்ச்சியில் இருவரும் வாசித்த ‘எக்கோஸ்’ பதிவாகியிருக்கிறது. அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர் பதில் சொல்வது போல வாசிக்கிறார்கள். அந்த ஆல்பம் கடைக்கு வந்தது 2008 செப்டம்பர் 22. ரைட் இறந்து ஒரு வாரம்.

மறுநாள் பிபிசி தொலைக்காட்சியில் கில்மோர், 1968-இல் ரைட் எழுதிப் பாடிய ‘ரிமெம்பர் எ டே’ பாட்டை வாசித்தார். வாட்டர்ஸும் ரைட்டின் ஜாஸ் சாயலைப் பெயர் சொல்லிப் பாராட்டி எழுதினார். 1993-இல் ஒதுக்கிவைத்த பதிவுகளிலிருந்து எடுத்துத் தொடுத்த ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ 2014-இல் அவர் நினைவாக வந்தது. அதில் அவர் பெயர் உறுப்பினராகவே இருக்கிறது.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

‘அஸ் அண்ட் தெம்’ உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதனால் 1970-இன் ‘சம்மர் '68’ஐ முதலில் சொல்வேன். சுற்றுப்பயண வாழ்க்கையின் வெறுமையைப் பற்றி அவரே எழுதிப் பாடியது. பிறகு 1972-இன் ‘ஸ்டே’. அதன் பிறகு ‘எக்கோஸ்’, பாம்பெய் இடிபாடுகளில் 1971-இல் படம் பிடித்த வடிவம். ஹெட்போன் போட்டுக்கொள்வது நல்லது. கைபேசியின் ஸ்பீக்கரில் முதலில் காணாமல் போவது இவர்தான்.

‘எக்கோஸ்’ பாட்டை இப்போது யாராவது மேடையில் வாசிக்கிறார்களா?

கில்மோர் வாசிப்பதில்லை. 2016-இல் மறுபடி பாம்பெய்யில் வாசித்தபோது ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள். ரிக்கும் தானும் அதில் வாசிக்கும் விதம் இருவருக்கு மட்டும் உரியது, வேறொருவரைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லிச் செய்ய முடியாது என்றார்.

நிக் மேசனின் குழு 2022 முதல் வாசிக்கிறது. கீபோர்டில் டாம் பீகன், ரைட்டோடு சேர்ந்து வேலை செய்தவர். பாடுவது கேரி கெம்ப்பும் கை ப்ராட்டும். ப்ராட் 1987 முதல் ஃப்ளாய்டின் சுற்றுப்பயணங்களில் பேஸ் வாசித்தவர், ரைட்டின் மகளை மணந்தவர். விளக்குகள் அணைந்ததும், ஒரு பியானோச் சுரம். இன்னும் யாரும் பாட ஆரம்பிக்கவில்லை, அரங்கம் அதற்குள் கைதட்டிவிடுகிறது.